பழைய வாகனத்தில் அடங்காத கியர் ஒயில் கசிவு: தேடிப் பிடித்துத் திருத்தும் முழு வழிகாட்டி

புது சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை. வாகனம் நிறுத்திய இடத்தில் பழையபடி சிவப்புச் சொட்டு. பழைய வான் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். பழி முதலில் "சாமான் டூப்ளிகேட்" என்று சீல் மேல் விழும். அடுத்தது வேலை செய்த பாஸ் (மெக்கானிக்) மேல். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் திரும்பத் திரும்ப ஒழுகும் கியர்பெட்டியில் நான் கண்டவரை விசயம் இரண்டில் ஒன்றுதான்: ஒழுகுவது நீங்கள் மாற்றிய அந்த சீலே இல்லை, அல்லது அதைக் கெடுத்த காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டையும் பிடிக்கும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் 20, 30 வயதான வாகனங்களே ஓடின, இன்னும் ஓடுகின்றன: ஓட்டோ கியர் (ஓட்டோமெட்டிக்) டவுன் ஏஸ், டொல்பின், 110 கொரோலா, பழைய சனி, லான்சர். பலவற்றில் கியர்பெட்டியின் ரப்பருக்கும் வாகனத்தின் வயதுதான். சூட்டில் வருடக்கணக்காகக் கிடந்த ரப்பர் இறுகி, வளையும் தன்மையை இழந்துவிடும். ஒழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கே பெரும்பாலும் ஓட்டோ கியர் பற்றித்தான் சொல்கிறேன். சாதாரண (மனுவல்) கியர்பெட்டிக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

கீழே போவதற்கு முன்

கல்லடி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, அக்கரைப்பற்று என்று கடற்கரையோரம் முழுக்க வீட்டு முற்றம் மணல். மணலில் ஜக் வைத்தால் ஒரு பக்கம் இறங்கும். இறங்கினால் வாகனம் சாயும். ஜக்குக்கும் ஸ்டான்டுக்கும் கீழே தடித்த அகலப் பலகை கட்டாயம். வாகனத்தைத் தூக்க மட்டும்தான் ஜக். அதைத் தாங்கி நிற்க ஸ்டான்ட் வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் வானை நிறுத்துகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. அந்தக் கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். தென்னங்குற்றி உருளும். இரண்டும் வேண்டாம். நிலத்தில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இது எதுவும் கைவசம் இல்லையென்றால், தெரிந்த சேவிஸ் ஸ்டேஷனில் கேட்டு பிட்டில் வைத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஓடிவந்த வாகனத்தின் கியர் ஒயில் கை வெந்துபோகும் சூட்டில் இருக்கும். பார்க்கும் வேலைக்கு ஆறிய பிறகு இறங்குங்கள்.

சொட்டுவது கியர் ஒயில்தானா?

சிவப்பாக இருந்தால் கியர் ஒயில் என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். பல பழைய ஜப்பான் வாகனங்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே சிவப்பு ஒயில்தான் ஊற்றுவது. ஸ்டியரிங் ரெக்கிலோ பம்பிலோ ஒழுகி, சேசிஸ் வழியாகப் பின்னால் ஓடி, கியர்பெட்டிக்குக் கீழே சொட்டும். இதைக் கியர்பெட்டிக் கசிவு என்று நினைத்து, பெட்டியின் அடித்தட்டான சம்பைக் கழற்றியவர்கள் உண்டு. டொயோட்டாவின் ரேடியேட்டர் கூலன்டிலும் சிவப்பு நிறம் இருக்கிறது.

ஒரு வெள்ளை மட்டையை இரவு முழுக்கக் கீழே போட்டு, விழுந்த சொட்டை விரலில் தேய்த்துப் பாருங்கள். கூலன்ட் தண்ணி மாதிரி ஓடும், இனிப்பான வாசம் இருக்கும், வழுக்கல் குறைவு. கியர் ஒயில் மெல்லிய எண்ணெய், மட்டையில் பரந்து ஊறும். பழசானால் சிவப்புப் போய் மண்ணிறமாகும், கருகிய மணமும் வரலாம். கறுப்பாகவும் தடிப்பாகவும் இருந்தால் எஞ்சின் ஒயிலைச் சந்தேகியுங்கள். அப்புறம் மிச்சம் இருப்பது இரண்டு மட்டம்: பவர் ஸ்டியரிங் தாங்கியில் ஒரு கோடு போடுங்கள், கியர் டிப் ஸ்டிக்கில் இன்றைய அளவைக் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் எது இறங்குகிறதோ அதுதான் ஒழுகுகிறது.

டிப் ஸ்டிக்கில் ஒயில் பலூடா நிறத்தில் வந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு ரேடியேட்டருக்குப் போங்கள். பல வாகனங்களில் கியர் ஒயிலை ஆற்றும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்தான் இருக்கிறது. அது கறள் பிடித்து ஓட்டையானால் தண்ணியும் ஒயிலும் கலக்கும். கிளச் தட்டுகளின் உராய்வுப் படலம் தண்ணியில் கழன்றுவிடும். அந்த நிலையில் வாகனத்தை ஓட்டுவது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் செலவைக் கூட்டுவது.

கழுவி, பவுடர் போட்டு, காத்திருங்கள்

சொட்டு விழும் இடம் எதையும் சொல்லாது. ஒயில் மேலிருந்து கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கிற இடங்களில் மிக உயரமான, மிக முன்னால் உள்ள புள்ளியைத் தேட வேண்டும். 20 வருட அழுக்கும் ஒயிலும் சேர்ந்து தடித்த களிம்பாக ஒட்டியிருக்கும் பெட்டியில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் ஒரு பிளாஸ்டிக் பையால், பெட்டி மூச்சு விடும் துளையான பிறீதரையும், வயர் பிளக்குகளையும் மூடிக் கட்டுங்கள். மண்ணெண்ணெயும் தூரிகையும் வைத்துத் தேய்த்து, சவர்க்காரத் தண்ணியால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிரஷர் வொஷர் அடிப்பதானால் சீல் விளிம்பிலும் பிறீதரிலும் நேரே அடிக்கக்கூடாது. தண்ணி உள்ளே போகும். கடைசியாக பிரேக் கிளீனர் ஸ்ப்ரே ஒரு சுற்று.

காய்ந்த பிறகு கட்டிய பையை அவிழ்த்துவிட்டு, சாதாரண முகப்பவுடரைத் தூவுங்கள். கியர்பெட்டி முழுக்க, சம்ப் விளிம்பு, குழாய் மூட்டுகள், லீவர் வரும் இடம் எல்லாம் வெள்ளையாக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடி வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு ஓட்டம் போய் வந்து, டோர்ச் லைட்டோடு கீழே போங்கள். ஒயில் வெளியே வந்த இடத்திலிருந்து வெள்ளையில் ஒரு கோடு இறங்கியிருக்கும். ஒழுக்கு மெல்லியதென்றால் இரண்டு மூன்று நாள் ஓடிவிட்டுப் பாருங்கள். ஒயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் நீல லைட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் பவுடர் போதும்.

இந்த ஒரு வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் மூன்று முறை சம்ப் கஸ்கட் (சம்புக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் பட்டை) மாற்றுகிறவர்கள்.

எந்த நேரத்தில் ஒழுகுகிறது?

இடத்தைப் போலவே நேரமும் பேசும்.

ஓடும்போது காய்ந்து கிடக்கிறது, இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் ஒழுகுகிறது என்றால், காரணம் அனேகமாகக் கொன்வேட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஒயில் மூலம் பெட்டிக்குக் கடத்தும் உருளை). நிறுத்தி வைக்கும்போது அதிலுள்ள ஒயில் மெதுவாக சம்புக்குள் இறங்கும். சம்பின் மட்டம் வழக்கத்தை விட உயரும். ஓடும்போது ஒயில் தொடாத செலக்டர் ஷாஃப்ட் (கியர் மாற்றும் லீவரோடு திரும்பும் தண்டு) சீலும், டிப் ஸ்டிக் குழாயின் ஓ ரிங்கும் (வட்ட ரப்பர் வளையம்) அப்போது ஒயிலுக்குள் மூழ்கும். அவை இறுகியிருந்தால் அங்கிருந்து வெளியே வரும். சம்ப் கஸ்கட்டுக்கு இதில் பங்கில்லை.

மட்டக்களப்புக்குள் ஓடினால் ஒன்றுமில்லை, செங்கலடி, மகா ஓயா வழியாக மகியங்கனை 18 வளைவு ஏறிக் கண்டி போய் வந்தால் மட்டும் கீழே குளிக்கிறது என்றால், சூடும் அமுக்கமும் பற்றி யோசியுங்கள்: ஒயில் அளவு கூடியிருக்கிறதா, பிறீதர் அடைத்திருக்கிறதா, கூலர் குழாய் சூட்டில் தளர்கிறதா. எந்த நேரமும், எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஈரம் என்றால் முதல் சந்தேகம் பிறீதர்தான்.

பிறீதர்: செலவில்லாத திருத்தம்

கியர்பெட்டி மூச்சு விட வேண்டும். ஒயில் சூடேறினால் உள்ளே காற்று விரியும்; அது வெளியேற பெட்டியின் மேற்பக்கம் ஒரு சின்ன உலோக மூடியோ, மேலே போகும் ரப்பர் குழாயோ இருக்கும். இது அடைத்தால் உள்ளே அமுக்கம் ஏறும். புது சீலோ பழைய சீலோ, எது பலவீனமோ அதன் உதட்டை, அதாவது ஷாஃப்டைத் தொடும் விளிம்பை, தூக்கிக்கொண்டு ஒயில் வெளியே வரும். நீங்கள் அதை மாற்றுவீர்கள், அடுத்த பலவீனமான இடத்தில் ஒழுகும். "ஒன்று அடைத்தால் ஒன்று திறக்குது" என்று சலித்துக்கொள்கிறவர்களின் வாகனத்தில் இதை முதலில் பாருங்கள்.

அம்பாறை வயல் பக்கம் ஓடும் வாகனங்களில் வாய்க்கால் கரை வீதியின் சேறு காய்ந்து பிறீதரை மூடிவிடும். குளவி மண்கூடு கட்டுவதும் நடக்கும். மூடி வகையென்றால் விரலால் அசைத்தால் தளர்வாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் கிளீனர் அடித்து, மெல்லிய கம்பியால் அழுக்கை எடுத்து விடுங்கள். அழுக்கு உள்ளே விழாமல் சுற்றுப்புறத்தை முதலில் துடைத்துக்கொள்ளுங்கள். குழாய் வகையென்றால் கழற்றி ஊதிப் பாருங்கள். மடிந்திருந்தாலும் உருகியிருந்தாலும் புதுக் குழாய்.

மாரியில் வெள்ளத்துக்குள் வாகனம் இறக்குகிறவர்கள் தண்ணி போகாமல் இருக்கட்டும் என்று பிறீதரை போல்ட் போட்டு அடைத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். பயம் நியாயமானதுதான்: சூடான பெட்டி வெள்ளத்தில் சட்டென்று ஆறும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, பிறீதர் வழியாகத் தண்ணியை உறிஞ்சும். ஆனால் அடைத்தால் சீல் போகும். ஒயில் தாங்கும் குழாயொன்றை மாட்டி, எஞ்சின் அறையில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். இரண்டு பிரச்சினையும் தீரும்.

கழற்றாமல் முடியும் இடங்கள்

முதலில் மட்டம். ஒயில் கூடினால் உள்ளே சுழலும் பாகங்கள் அதை அடித்து நுரையாக்கும். நுரை பிறீதர் வழியாகவும் டிப் ஸ்டிக் குழாய் வழியாகவும் வெளியே தள்ளும். கசிவைப் பார்த்துப் பயந்து "இன்னும் ஒரு லீற்றர் ஊத்து" என்று ஊற்றிய வாகனம் அதிகமாக ஒழுகுவது இதனால்தான்.

டிப் ஸ்டிக் குழாய் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஓ ரிங் இருக்கும். அது இறுகினால் ஒயில் பெட்டியின் சுவரோடு இறங்கி சம்ப் விளிம்பில் சுற்றிவர நிற்கும். பார்க்கிற யாரும் சம்ப் கஸ்கட் என்றுதான் சொல்வார்கள். குழாயைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்டைக் கழற்றி, குழாயை மேலே இழுத்து, ஓ ரிங்கை மாற்றி, கொஞ்சம் கியர் ஒயில் பூசிச் செருகினால் முடிந்தது.

கேபிள் ஸ்பீடோமீற்றர் உள்ள வாகனங்களில் அந்தச் சின்னப் பல்லுச்சக்கரக் கூட்டின் வெளியே ஒரு ஓ ரிங்கும், உள்ளே ஒரு குட்டி ஒயில் சீலும் உண்டு. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஓ ரிங்கை மட்டும் மாற்றினால் உள் சீல் வழியாக வரும் ஒயில் கேபிளோடு ஏறும். சில வாகனங்களில் டாஷ்போர்ட் வரை போகும்.

கூலர் குழாய்களில் நிதானமாக நேரம் செலவழியுங்கள். கடல் காற்று இரும்புக் குழாயை, முக்கியமாக அதைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில், ஊசித் துளையாக அரிக்கும். கிளிப்பைக் கழற்றாமல் அது தெரியாது. ரப்பர் குழாயை விரலால் அழுத்துங்கள்: கல்லாக இருந்தாலும் வெடிப்புத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும். போடும் குழாய் கியர் ஒயில் கூலருக்கு உரியதாக இருக்கட்டும். சாதாரணப் பெற்றோல் குழாய் சுற்றளவு பொருந்தும், விலையும் குறைவு, சூடு தாங்காது. அரித்த இரும்புத் துண்டை வெட்டி நடுவில் ரப்பர் போடுவதென்றால், வெட்டிய இரும்பு நுனிகளில் புடைப்பு எடுக்க வேண்டும். மொட்டையான குழாயில் எத்தனை கிளிப் இறுக்கினாலும் ஒருநாள் கழன்றுவிடும். கழன்றால் பம்ப் சில நிமிடத்துக்குள் பெட்டியை வற்ற வைத்துவிடும். இது நெல் வட்டாரம். அறுவடை மெஷின்களுக்கு ஹைட்ரோலிக் குழாய் அடித்துத் தரும் கடைகளில் இந்த வேலையையும் கேட்டுப் பாருங்கள்.

சம்ப் கஸ்கட்

பவுடர் கோடு உண்மையிலேயே சம்ப் விளிம்பில் தொடங்கினால் மட்டும் இங்கே வாருங்கள். "ஒரு சுற்று இறுக்கிவிடு" என்பது இங்கே மிகக் கெட்ட ஆலோசனை. சம்ப் மெல்லிய தகடு. அதிகம் இறுக்கினால் போல்ட் துளையைச் சுற்றித் தகடு குழியும், இரண்டு போல்டுக்கு நடுவில் மேடாகும், கஸ்கட் பிதுங்கும். அடுத்து எந்தப் புதுக் கஸ்கட் போட்டாலும் அந்த மேட்டுக்கு நடுவால் ஒழுகும்.

ஒயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிகால் போல்டைத் திறந்து வடியுங்கள். எவ்வளவு வந்தது என்று அளந்து வையுங்கள், திரும்ப ஊற்ற அந்தக் கணக்கு தேவைப்படும். பிறகு சம்ப் போல்ட்களைக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டை மட்டும் பாதி இறுக்கத்தில் விட்டு, மறுபக்கம் சரியவிட்டால் மிச்ச ஒயில் தட்டுக்குள் விழும், உங்கள் முகத்தில் விழாது.

சம்புக்குள் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது வழக்கமான தேய்மானம். துணுக்குகளாக உலோகமோ, மஞ்சள் பித்தளைத் துகளோ, கறுத்த கட்டியான கிளச் பொடியோ இருந்தால் கசிவை விடப் பெரிய வேலை காத்திருக்கிறது. அதற்கு மேல் காசு போட வேண்டுமா என்று அங்கேயே முடிவெடுங்கள். பில்டரையும் இப்போதே பாருங்கள். பழைய ஜப்பான் பெட்டிகள் பலவற்றில் அது கழுவிப் போடக்கூடிய உலோக வலை.

சம்பின் விளிம்பைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து லைட் அடியுங்கள். ஒளி தெரியும் இடமெல்லாம் வளைவு. உறுதியான மரக்கட்டையின் விளிம்பில் சம்பை வைத்து, குழிந்த துளைகளைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். எனக்குத் தெரிந்து அடங்காத சம்ப் கசிவுகளுக்குத் தீர்வு இந்த அரை மணித்தியால வேலையில்தான் இருக்கிறது, யாரும் செய்வதில்லை.

அலுமினிய முகத்தைக் கத்தியால் சுரண்டாதீர்கள். கீறல் விழுந்தால் அது ஒயிலுக்குப் பாதை. பழைய கஸ்கட்டை ஊறவைத்து பிளாஸ்டிக் துண்டால் எடுங்கள். ரப்பர், தக்கைக் கஸ்கட்களை வெறுமையாக, காய்ந்த முகத்தில் போட வேண்டும். அதன் மேல் சிலிக்கன் பூசினால் கஸ்கட் வழுக்கி வெளியே பிதுங்கும், மிச்சச் சிலிக்கன் உள்ளே கழன்று பில்டருக்குப் போகும். சில பெட்டிகள் கஸ்கட் இல்லாமல் சிலிக்கனாலேயே ஒட்டப்பட்டவை. அவற்றுக்கு மட்டும் மெல்லிய ஒரே கோடு, போல்ட் துளைகளுக்கு உட்புறமாக. காய நேரம் கொடுத்த பிறகே ஒயில். கஸ்கட் ஷீட்டைப் பெட்டியின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டும் நம் பாஸ்மாரின் கைவேலை அழகானது, பின்பக்கக் கூட்டுக்குப் போதுமானது. சம்புக்கு அச்சில் வந்த கஸ்கட்டையே தேடுங்கள்.

10 மில்லிமீற்றர் தலையுள்ள அந்தச் சின்ன போல்ட்களுக்குப் பல டொயோட்டா பெட்டிகளில் 5 முதல் 8 நியூட்டன் மீற்றர் இறுக்கமே போதும். உங்கள் மொடலுக்குரிய அளவைப் புத்தகத்தில் பாருங்கள். டோர்க் ரென்ச் இல்லையென்றால் சின்ன ரெச்சட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டுப் பலத்தில் மட்டும். நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக, மூன்று சுற்றில் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அலுமினியப் புரி போய்விட்டது. லேத் கடையில் சுருள் புரி போட்டு எடுக்கலாம், பெரிய போல்டை முறுக்கி ஏற்றாதீர்கள். வடிகால் போல்டின் வொஷர் ஒவ்வொரு தடவையும் புதிது.

ஷாஃப்ட் சீல்கள்: மாற்றுவதற்கு முன் ஆட்டிப் பாருங்கள்

பின் சக்கரம் தள்ளும் வான் என்றால் கியர்பெட்டியின் வாலில் புறப்பெலர் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் சீல் இருக்கிறது. ஷாஃப்டின் முன் முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தெளிவாக ஆடினால் உள்ளே அதைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்துவிட்டது. ஆடும் ஷாஃப்டைச் சுற்றி எந்த சீலும் நிற்காது. ஜப்பானில் செய்ததானாலும் மாதக்கணக்குத்தான். புஷ்ஷை மாற்றிய பிறகே சீல். அப்படியே யூனிவர்சல் ஜொயின்டையும் நடு பேரிங்கையும் பாருங்கள்; அவை அதிர்ந்தால் புது புஷ்ஷையும் தின்றுவிடும்.

முன் சக்கர வாகனங்களில் இரண்டு எக்சல் சீல்கள். இடதுக்கும் வலதுக்கும் வெவ்வேறு சீல் வரும் மொடல்கள் உண்டு. உதட்டில் ஒயிலை உள்ளே திருப்பும் சாய்ந்த வரிகள் இருக்கும், சிலவற்றில் சுழலும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும். மாற்றிப் போட்டால் அந்த வரிகள் ஒயிலை வெளியே இறைக்கும்.

பழைய சீலைக் கழற்றியதும் ஷாஃப்டில் அது ஓடிய தடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் உட்காரும், அதே மாதிரி ஒழுகும். இதற்கு வழி மூன்று. இடமிருந்தால் சீலை ஓரிரு மில்லிமீற்றர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்கார வைத்து, உதட்டைத் தேயாத இடத்தில் ஓடவிடலாம். செலவில்லாதது, பெரும்பாலும் போதும். இரண்டாவது, ஷாஃப்டின் மேல் ஏற்றும் மெல்லிய எஃகு உறை. எஸ்.கே.எஃப். கம்பனி உறையின் தடிப்பு 0.28 மில்லிமீற்றர்தான் என்பதால் சீலின் அளவை மாற்றத் தேவையில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடச் சொன்னால் கிடைக்க வாய்ப்புண்டு. மூன்றாவது, பாவித்த நல்ல ஷாஃப்ட்.

சீல் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்று மூன்று எண் மில்லிமீற்றரில் இருக்கும். மூன்றும் ஒத்தால் மட்டும் போதாது, உதட்டின் வடிவமும் ஒக்க வேண்டும்.

போடும் முறை: கூட்டின் உட்சுவரைக் கீறாமல் பழையதை நெம்பி எடுங்கள். சுருள் கம்பி உள்ள பக்கம் ஒயிலை நோக்கி. உதட்டில் கியர் ஒயிலோ வாஸ்லினோ பூசுங்கள். வாஸ்லின் ஒயிலில் கரைந்துவிடும், கிறீஸ் கரையாது. வெளிவிளிம்புக்குச் சரியான ஒரு சொக்கட்டையோ குழாய்த் துண்டையோ வைத்து, சுற்றிவரச் சமமாகத் தட்டி இறக்குங்கள். எக்சலைத் திரும்பச் செருகும்போது அதன் பல் விளிம்பு உதட்டில் உரசவே கூடாது. ஒரு ஆள் தாங்கிப் பிடிக்க, ஒரு ஆள் வழிநடத்த வேண்டும்.

செலக்டர் ஷாஃப்ட் சீல் சின்னது, மலிவானது. லீவரைக் கழற்றும் முன் அது நிற்கும் நிலையைக் கீறி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் கியர் இடம் மாறும்.

முன் சீல்

எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் சொட்டுகிறதென்றால் இரண்டு சாத்தியம்: எஞ்சினின் பின் சீல், அல்லது கியர்பெட்டியின் முன் சீல். நிறமும் மணமும் சொல்லும். எஞ்சின் மேல்மூடியிலிருந்து பின்பக்கமாக வழிந்து வருவதும் இங்கேதான் சொட்டும் என்பதை மறக்க வேண்டாம். அதைத் துடைத்துப் பார்க்காமல் பெட்டியை இறக்காதீர்கள்.

முன் சீல்தான் என்றால் கியர்பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். நிறைகூடிய பெட்டி, கியர்பெட்டி ஜக் உள்ள கராஜுக்கு இந்த வேலையைக் கொடுப்பதே என் கட்சி. கொடுக்கும்போது இவற்றைக் கேட்டுச் செய்வியுங்கள். கொன்வேட்டர் கழுத்து வழவழப்பாக இருக்கிறதா, பள்ளமா? பம்பின் புஷ் தேய்ந்திருக்கிறதா? பம்பைச் சுற்றியுள்ள பெரிய ஓ ரிங்கையும் மாற்றினார்களா? சீலை மட்டும் மாற்றி ஓ ரிங்கை விட்டால் அதே இடத்தில் அதே நிறத்தில் ஒழுகும், நீங்கள் பழையபடி சீலைத் திட்டுவீர்கள். பெட்டி கீழே இருக்கும்போதே எஞ்சினின் பின் சீலையும் மாற்றிவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான்.

ஏற்றும்போது கவனம்: கொன்வேட்டரைச் சுழற்றிச் சுழற்றித் தள்ளினால் அது படிப்படியாகப் பல்லில் விழுந்து உள்ளே போகும். கடைசிப் படி பம்பின் பிடிப்பு. அதில் விழாமல் போல்ட் இறுக்கினால் பம்ப் உடையும். பெட்டியின் முகத்திலிருந்து கொன்வேட்டர் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று கழற்றும்போதே அளந்து குறித்தால், ஏற்றும்போது ஒப்பிடலாம். எஞ்சினும் கியர்பெட்டியும் கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேர வேண்டும். போல்டால் இழுத்துச் சேர்க்கக்கூடாது.

போத்தல் மருந்துகள்

கசிவு நிறுத்தும் திரவம் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். சும்மா வயதால் இறுகிய சீலுக்குச் சில காலம் உதவலாம். பள்ளம் விழுந்த ஷாஃப்ட், தேய்ந்த புஷ், வளைந்த சம்ப் எதற்கும் உதவாது. விற்கப்போகிறவர் ஊற்றுவது என்று எனக்கு ஒரு அபிப்பிராயம். வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்.

"கொஞ்சம் பிரேக் ஒயில் ஊத்துங்க தம்பி, நிண்டுடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிற்கத்தான் செய்யும், சில வாரம். பிரேக் ஒயில் சீலை ஊதவைத்து, பிறகு மென்மையாக்கி அழிக்கும், உள்ளேயுள்ள எல்லா ரப்பரையும் சேர்த்து.

ஒயில் ஊற்றுவதும் மட்டம் பார்ப்பதும்

சம்பைத் திறந்து வடித்தால் முழு ஒயிலும் வராது. கொன்வேட்டரிலும் கூலரிலும் பாதிக்கு மேல் தங்கும். ஆகவே புத்தகத்தில் உள்ள முழு அளவைப் பார்த்து ஊற்றினால் பெட்டி நிரம்பி வழியும். வடிந்த அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, பிறகு டிப் ஸ்டிக் பார்த்துக் கூட்டுங்கள்.

வகை முக்கியம். பழைய டொயோட்டாக்களில் டெக்ஸ்ரோன், 2000க்குப் பிந்திய பலவற்றில் டி-4, மிட்சுபிஷிக்கு எஸ்.பி. வகை, நிசானுக்கு மெட்டிக் டி. டிப் ஸ்டிக்கிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். பெல்ட்டில் இயங்கும் சிவீடி பெட்டிக்கு இவை எதுவும் ஆகாது.

டொயோட்டாவில் மட்டம் பார்ப்பது ஒயில் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எல்லாக் கியரையும் ஒருமுறை தொட்டு 'பி'க்குத் திரும்பி. பழைய மிட்சுபிஷியில் 'என்'னில் வைத்துப் பார்ப்பது. ஹொண்டாவில் சூடாக்கிவிட்டு எஞ்சினை நிறுத்திப் பார்ப்பது. ஒன்றின் முறையை மற்றதில் பாவித்தால் மட்டம் பிழைக்கும், பிழைத்தால் பழைய ஒழுக்கே திரும்பும்.

வடித்த ஒயிலை வேலிக்கட்டைக்குப் பூசுவதும் முற்றத்தில் கொட்டுவதும் நம் கரையோரத்தில் வேண்டாம். மணல் நிலம், ஆழமில்லாத கிணறு. நேரே தண்ணிக்குப் போகும். கலனில் அடைத்து சேவிஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் மறுபடி பவுடர், மறுபடி மட்டை. ஒரு குறுகிய ஓட்டம், பிறகு கல்முனை போய் வரும் அளவு ஒரு நீண்ட ஓட்டம், பிறகு இரண்டு நாள் நிறுத்தி வைப்பு. மூன்றிலும் காய்ந்திருந்தால்தான் கணக்கு.

சாதாரண கியர்பெட்டி என்றால்

தேடும் முறை அதேதான். பிறீதர், பின் சீல், புஷ், எக்சல் சீல் எல்லாம் பொருந்தும். இதற்குள் பம்ப் இல்லை, ஒயில் தடிப்பு, கந்தக மணம் வரும். முன் சீல் ஒழுகினால் கிளச் தட்டு நனைந்து வழுக்கும், ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரையும். அப்படியானால் கிளச்சோடு சேர்த்தே செய்யுங்கள்.

பாவித்த பெட்டி போடுவதா?

சம்பில் உலோகத் துணுக்கு, கியர் விழத் தாமதம், ஏற்றத்தில் வழுக்கல் இவை கசிவோடு சேர்ந்திருந்தால் சீல் வேலைக்குச் செலவழிக்காமல் வெட்டிய வாகனத்தின் பெட்டியொன்றைத் தேடலாம். கடையில் டிப் ஸ்டிக்கை இழுத்து மணந்து பாருங்கள். கருகிய மணமென்றால் வேண்டாம். கொன்வேட்டரோடு சேர்த்தே கேளுங்கள். வாங்கிவந்த பெட்டி தரையில் கிடக்கும்போதே முன் சீல், பம்ப் ஓ ரிங், பின் சீல், செலக்டர் சீல், சம்ப் கஸ்கட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, ரேடியேட்டர் கூலர் குழாய்களில் புது ஒயில் விட்டுப் பழையதை வெளியேற்றிய பிறகு ஏற்றச் சொல்லுங்கள்.